பரணில் கிடைத்த ஜிக்சா: கேள்வியும் பதிலும்

தாத்தா, பாட்டி விட்டுச்சென்ற ஜிக்சா புதிர்கள் வீட்டில் இருந்தால் அவற்றைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து இங்கே பதில் தருகிறோம்.

தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்து டிரங்குப் பெட்டியில் எட்டு ஜிக்சா பெட்டிகள் இருந்தன. திறந்ததும் ஒரே புழுக்க வாடை. இரண்டு மரப் புதிர்களின் அடியில் மாவு கொட்டிக் கிடக்கிறது. மொட்டை மாடியில் வெயிலில் காயவைக்கலாமா?
— வாசகி, கோத்தகிரி

வெயில் வேண்டவே வேண்டாம். இரண்டு மணி நேர உச்சி வெயிலில் உள்ளே இருக்கும் பூச்சி சாகுமா என்பது சந்தேகம். பிளைவுட் வளைவதும், அட்டையின் மேல்தாள் சுருண்டு எழும்புவதும், படத்தின் சிவப்பும் மஞ்சளும் வெளிற ஆரம்பிப்பதும் நிச்சயம்.

முதலில் அந்த மாவைப் பாருங்கள். அது விரலில் நைசாக ஒட்டி, துண்டின் பின்பக்கத்திலோ ஓரத்திலோ 1 முதல் 2 மி.மீ. அகலத்தில் வட்டத் துளைகளும் இருந்தால், உளுப்பூச்சி. துளை ஏதும் இல்லாமல் படத்தாள் மட்டும் கோணல்மாணலாகச் சுரண்டப்பட்டிருந்தால் இராமபாணப் பூச்சி. அதற்கு மரம் வேண்டாம். தாளும் பசையிலுள்ள மாவுச்சத்தும்தான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம், ஃப்ரீசர்.

துண்டுகளைப் பெட்டியோடு தடித்த பாலிதீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை டேப் போட்டு மூடுங்கள். அதை இன்னொரு பையில் போட்டு மறுபடி மூடுங்கள். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் இருக்கட்டும். இதற்கு ஐஸ் கட்டி வைக்கும் சின்னத் தட்டு போதாது. தனிக் கதவுள்ள ஃப்ரீசர் வேண்டும். பலர் கோட்டை விடுவது வெளியே எடுக்கும்போதுதான். பையை உடனே பிரித்தால் குளிர்ந்த மரத்தின் மேல் அறைக் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்து தாளை ஊறவைத்துவிடும். 24 மணி நேரம் பிரிக்காமல் மேஜைமேல் வைத்திருந்து, அதன்பின் திறங்கள். பிறகு ஒரு மாதம் துண்டுகளைக் கறுப்புத் தாளில் பரப்பி வைத்துக் கவனியுங்கள். புது மாவு விழாவிட்டால் வேலை முடிந்தது.

பூஞ்சணம் இருந்தால் அதற்கு வேறு வழி. அதை வீட்டுக்குள் தட்டாதீர்கள். வெளியே காற்றோட்டமான நிழலில், என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் ஒரே திசையில் துடைத்தெடுங்கள். ஈரத்துணி பட்டால் பூஞ்சணம் தாளின் இழைக்குள் இறங்கிக் கறையாகிவிடும். வாடை போக, திறந்த ஜிக்சா பெட்டியை ஒரு பெரிய மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, அருகில் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவோ கரித்தூளோ வையுங்கள். சோடா துண்டுகளின்மேல் படக்கூடாது. ஒன்று இரண்டு வாரத்தில் வாடை குறையும். அந்துருண்டை போடவேண்டாம், பழைய வாடை போய் அந்துருண்டை வாடை பத்து வருஷம் நிற்கும்.

பெட்டியில் 500 துண்டு என்று போட்டிருக்கிறது. அடுக்கிப் பார்க்காமல், எல்லாம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? தராசில் எடைபோடலாம் என்கிறார் என் மைத்துனர்.
— வாசகர், திருநெல்வேலி

எடைபோட்டால் குத்துமதிப்பு கிடைக்கும், அவ்வளவுதான். 100 துண்டுகளை எண்ணி எடைபோட்டு, மொத்த எடையை அதோடு ஒப்பிடலாம். ஆனால் துண்டுகள் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால், நூற்றுக்கு இரண்டு மூன்று துண்டு முன்னேபின்னே வரும். 500 துண்டில் ஒன்று குறைகிறதா என்பதை எந்தச் சமையலறைத் தராசும் சொல்லாது. கையால் அறுத்த மரப் புதிருக்கு இந்தக் கணக்கே செல்லாது.

நம்பகமான வழி, ஒரு போர்வையை விரித்து வரிசைக்குப் பத்து, பத்து வரிசைக்கு ஒரு கட்டம் என்று பரப்புவது. ஐந்து கட்டம் நிறைந்தால் 500. ஆனால் பெட்டியின் எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். டையால், அதாவது கத்தி பதித்த அச்சால், வெட்டிய அட்டைப் புதிர்கள் பெரும்பாலும் நேர்வரிசைக் கட்டங்கள். 25-க்கு 20 என்றால் சரியாக 500. 27-க்கு 19 என்றால் 513. அதையும் 500 என்றே விற்றார்கள். 1000 என்று போட்டது 40-க்கு 25 ஆக இருக்கலாம், 38-க்கு 27 ஆகி 1026-ஆகவும் இருக்கலாம். ஆகவே 500 எண்ணி முடித்ததும் 'எல்லாம் இருக்கிறது' என்று பெட்டியை மூடிவிட்டால் 13 துண்டு தொலைந்தது தெரியாமலே போகும்.

ஓரத் துண்டுகளைத் தனியே பொறுக்கினால் இதைப் பிடித்துவிடலாம். நீளவாட்டு எண்ணையும் அகலவாட்டு எண்ணையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, நான்கைக் கழித்தால் ஓரத் துண்டுகளின் எண்ணிக்கை. 25-க்கு 20 என்றால் 86. 27-க்கு 19 என்றால் 88. ஆயிரம் துண்டுப் புதிரில் இந்த உபாயம் காலை வாரும்: 40-க்கு 25, 38-க்கு 27 இரண்டிலுமே ஓரம் 126. அங்கே சட்டத்தை அடுக்கி, ஒரு பக்கத்தை எண்ணித்தான் ஆகவேண்டும்.

என் அப்பப்பா வாங்கிய மரப் புதிர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பெட்டியில் தலைப்பு மட்டும்தான், படம் இல்லை. துண்டுகள் ஒன்றோடொன்று கொளுவவும் இல்லை; கை பட்டால் எல்லாம் குலைந்துபோகிறது. இது முழுசாக இல்லையா, அல்லது இப்படித்தான் செய்தார்களா?
— வாசகி, லண்டன்

இப்படித்தான் செய்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மரப் புதிர்கள் பலவற்றில் வழிகாட்டிப் படம் கிடையாது. லண்டனின் ராஃபேல் டக் நிறுவனம் 1909 வாக்கில் விற்கத் தொடங்கிய 'ஜாக்-ஜா' புதிர்களும் அப்படித்தான். நியூயார்க்கில் 1932-இல் ஃபிராங்க் வேரும் ஜான் ஹென்ரிக்ஸும் தொடங்கிய 'பார்' கம்பெனி இன்னும் ஒருபடி மேலே போய், வேண்டுமென்றே திசைதிருப்பும் தலைப்புகளை வைத்தது. எனவே தலைப்பில் 'அறுவடை' என்று இருப்பதால் வைக்கோலைத் தேடி உட்கார வேண்டாம்.

கொளுவாத துண்டுகளுக்கும் காரணம் உண்டு. அக்காலத்தில் ஒவ்வொரு துண்டும் மெல்லிய ரம்பத்தால் தனித்தனியே அறுக்கப்பட்டது. குமிழும் குழியும் வைத்து அறுக்க நேரம் அதிகம். அதனால் ஓரத் துண்டுகள் மட்டும் கொளுவும்படி அறுத்து, உள்ளே இருப்பவற்றைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் பொருந்துமாறு விட்டார்கள். இவற்றை வழவழப்பான மேஜையில் அடுக்கக்கூடாது. ஒரு பலகையில் ஃபெல்ட் துணியோ பழைய கம்பளியோ இழுத்துக் கட்டி, அதன்மேல் அடுக்குங்கள். அடுக்கிய பகுதியின் நான்கு புறமும் மரச்சட்டம் வைத்தால் நகராது.

இப்போதைய அட்டைப் புதிரில் பழகியவர்கள் இதில் தடுமாறுவது, நிறத்தை நிறத்தோடு சேர்ப்பதால்தான். பழைய அறுப்பவர்கள் நிறம் மாறும் கோட்டின்மேலேயே ரம்பத்தை ஓட்டினார்கள். நீலப் பாவாடையின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கேயே துண்டும் முடியும். அடுத்த துண்டு முழுக்கப் பச்சைப் புல்லாக இருக்கும். ஆகவே ஒரு நிறத்தின் எல்லைக்கு வந்துவிட்டால், அறுத்த விளிம்பின் வளைவை மட்டும் பாருங்கள். நிறம் அங்கே உதவாது, ஏமாற்றும்.

வானம், கடல் போன்ற ஒரே நிறப் பரப்புக்குப் பின்பக்கம்தான் துணை. பிளைவுட்டின் அடியடுக்கு ஒரே மெல்லிய மரத்தகடு என்பதால், அதன் ரேகை முழுப் பலகையிலும் ஒரே திசையில் ஓடும். எல்லாத் துண்டையும் திருப்பிப் போட்டு, ரேகை இடவலமாக வரும்படி ஒழுங்குபடுத்துங்கள். இனி ஒரு துண்டை நான்கு விதமாகத் திருப்பிப் பார்க்க வேண்டாம், இரண்டு விதம் போதும். அகலமான ரேகை, முடிச்சு, கறுப்புக் கோடு ஏதாவது ஒரு துண்டில் பாதியில் நின்றால், அதன் மீதி எங்கே என்று பின்பக்கத்திலேயே தேடலாம். பின்னால் தாள் ஒட்டியிருந்தால் இது நடக்காது.

நேர் விளிம்பு உள்ளதெல்லாம் ஓரம் என்றும் முடிவு கட்டாதீர்கள். படத்தின் நடுவில் நேர்கோட்டில் அறுத்து, இரண்டு பொய் ஓரங்களை உண்டாக்குவது அவர்களுக்குப் பிடித்த குறும்பு. மூலைத் துண்டை இரண்டாகப் பிளப்பதும் உண்டு. பறவை, கெண்டி, நாய் என்று உருவமாக அறுத்த துண்டுகள் கிடைத்தால் தனியே வையுங்கள். அவற்றைச் சுற்றியிருக்கும் துண்டுகளில் அந்த உருவத்தின் வெளிக்கோடு அப்படியே பதிந்திருக்கும் என்பதால் அங்கிருந்து தொடங்குவது லேசு.

தாத்தா கொழும்பில் ரயில்வேயில் இருந்தவர். அவர் விட்டுச்சென்ற மரப் புதிரின் பெட்டியில் 'கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே' என்றும் 'சாட் வேலி' என்றும் இருக்கிறது. எந்த வருஷத்தது?
— வாசகர், கொழும்பு

1924-க்கும் 1939-க்கும் இடைப்பட்டது. பர்மிங்ஹாமின் ஹார்போர்ன் பகுதியில் இருந்த சாட் வேலி நிறுவனம் அந்தக் காலத்தில் அந்த ரயில்வேக்காகப் பிளைவுட் புதிர்களைச் செய்தது; ரயில்வே அதை விளம்பரமாகவே விற்றது. வரிசையில் முதலாவது, 'கேர்ஃபிலி காசில்' ரயில் எஞ்சின். வருஷத்தை இன்னும் நெருங்கிப் பிடிக்கப் படத்தைப் பாருங்கள். 'கிங் ஜார்ஜ் 5' எஞ்சின் இருந்தால், அது 1927-இல் கட்டப்பட்டது, அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. புத்தகம் மாதிரி அட்டையுள்ள பெட்டி என்றால் பிற்பகுதி.

சாட் வேலியின் மற்றப் பொருள்களுக்கு இன்னொரு துப்பு இருக்கிறது. 'மாட்சிமை தங்கிய அரசியாரின் பொம்மைத் தயாரிப்பாளர்' என்ற வாசகம் 1938-இலிருந்து வந்தது. அதே இடத்தில் 'அரசித் தாயார்' என்று இருந்தால் 1953-க்குப் பிந்தியது. பொதுவாக, விலை ஷில்லிங்கில் எழுதியிருந்தால் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறிய 1971 பிப்ரவரி 15-க்கு முந்தியது. அணா என்று கடைக்காரர் பென்சிலில் எழுதியிருந்தால் இந்தியாவில் 1957 ஏப்ரலுக்கு முன் விற்றிருக்கலாம், ஆனால் அணாக் கணக்கு பேச்சில் பிறகும் பல வருஷம் ஓடியதால் இதை மட்டும் வைத்துச் சாதிக்க முடியாது.

ஐயா பள்ளிக்கூடக் காலத்தில் விளையாடிய மர இந்திய வரைபடப் புதிர் இருக்கிறது. தேதி எங்கேயும் இல்லை. 'மெட்ராஸ்' என்று மட்டும் படிக்க முடிகிறது.
— வாசகர், காரைக்குடி

வரைபடப் புதிரைப் போலத் தன் வயதைத் தானே சொல்லும் பொருள் வேறு இல்லை. ஜிக்சாவின் பிறப்பே வரைபடத்தில்தான். லண்டனில் வரைபடம் செதுக்கிய ஜான் ஸ்பில்ஸ்பரி 1760-களில் மஹோகனிப் பலகையில் வரைபடத்தை ஒட்டி, நாட்டு எல்லைகளின்மேல் அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தர விற்றார்.

உங்களுடையதில் எல்லைகளை இப்படிப் பாருங்கள். பர்மா சேர்ந்தே இருந்தால் 1937-க்கு முந்தியது. பாகிஸ்தான் பிரியாமல் இருந்தால் 1947-க்கு முந்தியது. மெட்ராஸ் துண்டு ஒடிசா எல்லைவரை நீண்டிருந்தால், ஆந்திரா பிரிந்த 1953 அக்டோபர் 1-க்கு முந்தியது. ஆந்திரா தனியாக இருந்து, மெட்ராஸ் துண்டில் மலபார் ஒட்டிக்கொண்டு, கன்னியாகுமரி முனை மட்டும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தால் 1953-க்கும் 1956 நவம்பர் 1-க்கும் நடுவில். இந்த மூன்று வருஷ வரைபடம் அபூர்வம், பத்திரமாக வையுங்கள். குமரி முனை மெட்ராஸில் இருந்து, பம்பாய் ஒரே பெரிய துண்டாக இருந்தால் 1960 மே 1-க்கு முந்தியது. அன்றுதான் மகாராஷ்டிரம், குஜராத் என்று இரண்டானது. பஞ்சாபிலிருந்து ஹரியானா பிரிந்தது 1966 நவம்பர் 1. 'மெட்ராஸ்' என்ற பெயர் 1969 ஜனவரி 14-உடன் போய்த் 'தமிழ்நாடு' வந்தது. 'மைசூர்' 1973 நவம்பர் 1 வரை.

ஒரு எச்சரிக்கை. எல்லைகள் காட்டுவது வரைபடம் அச்சான காலத்தை. புதிரை அறுத்தவர் கையில் பழைய அச்சுத்தாள் மிச்சமிருந்தால் இரண்டு மூன்று வருஷம் கழித்தும் அதையே ஒட்டியிருப்பார். கோவா, திரிபுரா, மணிப்பூர் மாதிரிச் சிறு துண்டுகள்தான் முதலில் தொலையும். அவை இல்லாததைப் பார்த்து வருஷத்தை முடிவு செய்யாதீர்கள். துண்டு தொலைந்தால் அந்த இடத்தில் ஓட்டை இருக்கும். எல்லை அப்போது இல்லாமலிருந்தால் பக்கத்துத் துண்டு அந்த இடத்தையும் நிரப்பியிருக்கும்.

முழுவதும் அடுக்கினோம், நடுவில் ஒரே ஒரு துண்டு இல்லை. பாட்டி ஞாபகமாக வைத்திருப்பது, அந்த ஓட்டை உறுத்துகிறது. புதிதாகச் செய்ய முடியுமா?
— வாசகி, சென்னை

முடியும். அதற்குமுன் மற்ற ஜிக்சா பெட்டிகள் எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள். பெட்டியின் மூடி மடிப்பு, அடியில் விரித்த தாளின் கீழ்ப்புறம், மேஜை இழுப்பறையின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். தொலைந்ததாகச் சொல்லப்படும் துண்டுகள் பெரும்பாலும் பக்கத்துப் பெட்டியில்தான் கிடக்கும்.

அட்டைப் புதிராக இருந்தால்: ஓட்டையைச் சுற்றி பத்துப் பதினைந்து துண்டுகளை அடுக்கியபடியே இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்துக் கவிழ்த்து, படம் கீழே பார்க்க ஸ்கேனர் கண்ணாடிமேல் நகர்த்துங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வையுங்கள். 300 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் எடுத்தால் ஓட்டையின் வெளிக்கோடும் சுற்றியுள்ள நிறமும் ஒருசேரக் கிடைக்கும். பெட்டி மூடியில் படம் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, பெரிதாக்கி ஓட்டைக்குள் பொருத்தலாம். இல்லாவிட்டால் அச்செடுத்த தாளில் கலர் பென்சிலால் சுற்றியுள்ள கோடுகளை நீட்டி வரையுங்கள். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடுங்கள். அச்சில் வந்த ஸ்கேலை நிஜ ஸ்கேலோடு வைத்துப் பார்த்தால் அளவு சரியா என்று தெரிந்துவிடும். லேசர் அச்சே நல்லது; இங்க்ஜெட் மை பசை ஈரத்தில் பரவும்.

அடுத்து கனம். பக்கத்துத் துண்டை வெர்னியர் அளவுகோலில் அளந்து, பைண்டிங் கடையில் கிடைக்கும் கிரே போர்டில் அச்சுத்தாளை ஒட்டி, கனம் போதாவிட்டால் பின்னால் இன்னொரு தாளையும் ஒட்டி, அதே கனத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டியதை பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகங்களின் கீழ் ஒரு ராத்திரி விடுங்கள். காயாமல் வெட்டினால் அடுக்குப் பிரியும். புது பிளேடு போட்ட பேப்பர் கட்டரால், கோட்டுக்குச் சற்று உள்ளே, மெல்ல மெல்லப் பல தடவை இழுத்து வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் கீழ்ப்பக்கம் சாய்ந்து அகலமாகிவிடும். வளைவில் கத்தியைத் திருப்பாமல் அட்டையைத் திருப்புங்கள்.

இறுக்கமாக இருந்தால் அமுக்கிச் சொருகக்கூடாது. பழைய துண்டின் குமிழ்தான் முதலில் ஒடியும். புதுத் துண்டின் விளிம்பில் மென்மையான பென்சிலைத் தேய்த்து, லேசாக வைத்து எடுங்கள். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தை மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போதும். கடைசியில் வெள்ளையாகத் தெரியும் விளிம்பைப் பக்கத்துத் துண்டின் பழுப்பு நிறத்துக்குப் பென்சிலால் மங்கச் செய்யுங்கள்.

மரப் புதிர் என்றால், ரம்பம் பிடிக்கத் தெரிந்தவர் அதே கனமுள்ள பிளைவுட்டில் அறுக்கலாம். தெரியாதவர்களுக்கு எம்-சீல் போன்ற எபாக்ஸிக் களிம்பு இருக்கிறது. ஓட்டையின் அடியில் பட்டர் பேப்பரை விரித்து, நான்கு பக்கச் சுவர்களிலும் சமையலறை கிளிங் ஃபிலிமைச் சுருக்கமில்லாமல் படியவையுங்கள். இந்த ஃபிலிம் களிம்பு ஒட்டாமல் காக்கும். ரம்பம் தின்ற இடைவெளியையும் அதுவே தரும். களிம்பின் இரண்டு பகுதியையும் சம அளவில், நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, மட்டத்துக்கு அரை மி.மீ. கீழே நிற்கும்படி அமுக்குங்கள். நன்றாக இறுகியபின் எடுத்து, விளிம்பைத் தேய்த்து, மேலே படத்தை ஒட்டுங்கள். கிளிங் ஃபிலிம் போட மறந்தால் அந்த ஐந்து துண்டும் ஒரே துண்டாகிவிடும், பிரிக்கவே முடியாது.

எப்படிச் செய்தாலும் பின்பக்கம் பென்சிலால் 'மாற்று' என்று எழுதி வருஷத்தையும் போடுங்கள். பிறகு இதை வாங்குபவரோ, உங்கள் பேத்தியோ குழம்பக்கூடாது.

ஒரே கோணிப்பையில் நான்கைந்து புதிர்களின் துண்டுகளைக் கொட்டி வைத்திருக்கிறார் பாட்டி. பெட்டிகள் இல்லை. எப்படிப் பிரிப்பது?
— வாசகி, பினாங்கு

படத்தைப் பார்க்காமல் பிரியுங்கள். எல்லாத் துண்டையும் கவிழ்த்துப் போட்டு, முதலில் மரம், அட்டை என்று ஒதுக்குங்கள். அட்டையில் பின்பக்க நிறம் அடுத்த சல்லடை: சாம்பல், பழுப்பு, வெள்ளை, நீலம் என்று ஆளுக்கொரு நிறம் வைத்திருந்தார்கள். நிறம் ஒன்றாக இருந்தால் வெர்னியரால் கனம் பாருங்கள், 0.2 மி.மீ. வித்தியாசம்கூட வேறு புதிர் என்பதற்குப் போதுமான சாட்சி. ஆனால் ஈரத்தில் ஊதிய துண்டு தனியாகக் கனம் காட்டும், அதை ஒதுக்கி வைத்துக் கடைசியில் பாருங்கள். இதற்குப் பிறகு மேல்தாளின் பளபளப்பு, அச்சுப் புள்ளிகளின் நெருக்கம் என்று ஒரு பூதக்கண்ணாடியோடு பார்க்கலாம். மரத்தில் பின்பக்கத் தகட்டின் நிறமும் ரேகையும் போதும்.

பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய 'அ', 'இ', புள்ளி, பெருக்கல் குறி போன்றவை தெரிந்தால் கொண்டாடுங்கள். புதிர்கள் கலந்துவிடும் என்று தெரிந்த யாரோ முன்பே வேலையைச் செய்துவைத்திருக்கிறார். அவற்றை அழிக்காதீர்கள். குறி இல்லாதவற்றுக்கு நீங்களும் பிரித்தவுடன் அதே மாதிரி மென்மையான பென்சிலில் போட்டுவிடுங்கள். பேனா வேண்டாம், அட்டையில் ஊறி முன்பக்கம் தெரியும்.

அடுக்கி முடித்ததும் ஃபெவிகால் தடவி ஃப்ரேம் போட்டு மாட்டிவிடலாம் என்கிறார் என் கணவர்.
— வாசகி, கோவை

அவரைத் தடுத்துவிடுங்கள். தண்ணீர் கலந்த பசை மேலே தடவினால் அட்டையின் மேல்தாள் ஊறி நீளும், அடித்தாள் நீளாது. காயும்போது முழுப் படமும் கிண்ணம்போல் வளையும். அந்தப் பசையைப் பிறகு எடுக்கவும் வழியில்லை. மாட்டவேண்டும் என்றால் ஒட்டாமலே மாட்டலாம். பின்னால் அமிலமற்ற அட்டை, அதன்மேல் புதிர், சுற்றிலும் புதிரின் கனத்தைவிட ஒரு சொட்டு குறைவான சட்டம், மேலே 3 மி.மீ. அக்ரிலிக் தகடு. தகடு லேசாக அழுத்துவதால் துண்டு வழுகாது. மர ஜிக்சாவில் கனம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் பின் அட்டைக்கும் புதிருக்கும் நடுவில் மெல்லிய ஃபெல்ட் கொடுங்கள். அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, உரிந்த தாள் நுனிகளைத் தூக்கும். சற்று ஈரத் துணியால் துடைத்து, காய்ந்தபின் மூடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம்.

துண்டுகளில் படத்தாள் உரிகிறது. மைதா பசை போடலாமா?
— வாசகர், மதுரை

வேண்டாம். மைதா பசை இராமபாணத்துக்கும் கரப்பானுக்கும் விருந்து. பைண்டிங்கில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார்கள், அது தாளைப் பழுப்பாக்கிக் காலப்போக்கில் நொறுக்கும். ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் மீத்தைல் செல்லுலோஸ் பசைதான் சரி. பிற்காலத்தில் ஈரப்படுத்தினால் கழற்றவும் முடியும். அது கிடைக்காத ஊரில் பி.வி.ஏ. பசையை, அதாவது ஃபெவிகால் வகையை, பல்குத்தும் குச்சியின் நுனியளவு எடுத்து, உரிந்த தாளுக்கு அடியில் மட்டும் தடவுங்கள். விரலால் நடுவிலிருந்து வெளியே நீவி, பிதுங்கியதை உடனே உலர்ந்த துணியால் எடுத்து, பட்டர் பேப்பர் வைத்து 24 மணி நேரம் பாரம் ஏற்றுங்கள். பிளைவுட் அடுக்குப் பிரிந்திருந்தாலும் இதே முறை. பசையை உள்ளே செலுத்த ஒரு துண்டுத் தாளில் தடவி அதைச் சொருகி இழுக்கலாம்.

அழுக்கு விஷயத்தில் அட்டைக்குத் தண்ணீரே ஆகாது, மென்மையான வெள்ளை ரப்பரால் ஒற்றியெடுங்கள். மரத்தின் படத்தை, பிழிந்த பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம், ஆனால் முதலில் மூலைத் துண்டில் சோதியுங்கள். நிறம் பஞ்சில் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மரப் புதிர் சேரவே மாட்டேன் என்கிறது. மற்ற மாதங்களில் சரியாக இருக்கிறது.
— வாசகர், நாகர்கோவில்

மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது. அடித்துச் சொருகாதீர்கள், ஓவனிலும் ஹேர்டிரையரிலும் காட்டாதீர்கள். மூடிபோட்ட 10 லிட்டர் டப்பாவில் துண்டுகளைத் துணிப்பையில் போட்டு, தனிப் பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல் வைத்து மூன்று நாள் விடுங்கள். நிறம் மாறும் ஜெல்லில் நீல வகையைவிட ஆரஞ்சு வகையை வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் அதே டப்பாவில் வைத்திருந்தால் பூஞ்சணமும் எட்டிப்பார்க்காது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலே போனால்தான் அது வளரத் தொடங்கும்.

ஒன்றரை வயதுப் பேரனுக்கு எங்கள் பழைய பெயின்ட் அடித்த மரப் புதிரைக் கொடுக்கலாமா?
— வாசகி, பெங்களூரு

கொடுக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.-க்குள், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்குள், கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வாயில் வைக்கும் வயதில் தொண்டையில் அடைக்கும் அபாயம் வேறு.

இதையெல்லாம் விற்றால் என்ன கிடைக்கும்?
— வாசகர், புதுச்சேரி

அட்டை என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1930-களில் டையால் வெட்டும் முறை பரவியதும் விலை சரிந்து, அட்டைப் புதிர்கள் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டன. அமெரிக்காவில் 1932-33-இல் பத்திரிகைக் கடைகளில் வாரம் ஒரு புதுப் புதிர் விற்பனைக்கு வந்தது. இன்றும் நிறைய மிஞ்சியிருக்கின்றன. கையால் அறுத்த மரப் புதிருக்குத்தான் சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பார்கள், அதுவும் துண்டு முழுதாக, பெட்டியும் லேபிளும் இருந்தால். முழுவதும் அடுக்கி எடுத்த புகைப்படம் இல்லாமல் யாரும் நம்பமாட்டார்கள். பழைய ஒட்டுவேலை, மாற்றுத் துண்டு இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பெட்டி மூடியைப் புதுப்பிக்கிறேன் என்று செல்லோடேப் ஒட்டிவைத்தால் உள்ள மதிப்பும் போகும். பழைய டேப் ஏற்கெனவே இருந்தால், மெல்லிய சூட்டில் ஹேர்டிரையரைத் தூரத்தில் பிடித்து, டேப்பைத் தன்மேலேயே மடக்கி, தட்டையாக மெதுவாக இழுங்கள். தின்னர், பெட்ரோல் எதுவும் தொடக்கூடாது; அச்சு மையைக் கரைத்துவிடும்.